அழித்து அழித்து வரையும் பிள்ளைகள்

எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நீலசந்திராவின் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். பையனுக்குக் காமர்ஸா, சயின்ஸா? பெண்ணை நர்சிங்கில் சேர்ப்பதா, பி.சி.ஏ.வில் சேர்ப்பதா? ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் ஆனேபாளையாவுக்கும் இடையே, வீட்டின் மேல் வீடாக நெருக்கியடித்து நிற்கும் பகுதி இது. தமிழும் உருதுவும் கன்னடமும் தெலுங்கும் இங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. தினக்கூலியிலும் மாதச் சீட்டிலும் காலம் தள்ளும் குடும்பங்கள் நிறைய. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிள்ளை எழுந்து நின்று, "நான் கிராஃபிக் டிசைன் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு, "படம் போட்டா வயிறு நிறையுமா?" என்ற கேள்வி வரும்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவரில் விளம்பரம் எழுதியும் கடைப் பலகை தீட்டியும் பிழைத்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். ஃபிளெக்ஸ் அச்சு வந்த சில ஆண்டுகளுக்குள் அவர்களுடைய தூரிகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிறகு 2018-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேச, பெங்களூர் மாநகராட்சி தெருத் தெருவாக பேனர்களைக் கழற்றி எடுத்தது. அப்போது ஃபிளெக்ஸ் கடைக்காரர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்த தகப்பன், தன் மகன் அதே பாதையில் போவதாக நினைத்து அஞ்சுவது இயல்புதானே.

ஆனால் அஞ்ச வேண்டியது எதற்கு என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். தூரிகை போயிற்று, ஃபிளெக்ஸும் அடங்கிற்று. இப்போது சொன்னதும் படம் தரும் கணினிக் கருவிகளும் வந்துவிட்டன. எழுத்தை எந்த இடத்தில், எந்த அளவில் வைத்தால் ஓடும் பேருந்திலிருந்து படிக்க முடியும் என்று தெரிந்தவருக்கு இத்தனை மாற்றத்திலும் வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது. கிராஃபிக் டிசைன் என்பது அந்த அறிவுதான். காலையில் வாங்கும் பால் பாக்கெட், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி அச்சான இடம், மெட்ரோ நிலையத்து அம்புக்குறி, வங்கிப் படிவத்துக் கட்டங்கள், திருமணப் பத்திரிகை, கைபேசியில் பணம் அனுப்பும் பொத்தான் என்று நாம் தொடும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வடிவமைத்திருக்கிறார். சரியாகச் செய்தால் அவர் செய்தது நம் கண்ணில் படுவதே இல்லை. தவறாகச் செய்தால் பாட்டி மாத்திரையை மாற்றி விழுங்கிவிடுவாள்.

இந்தப் படிப்பில் சேரும் நம் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே ஓர் அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் "நல்லா வரைவான்" என்று பேர் வாங்கியவன், நடிகர் படத்தை அச்சு அசலாகப் பென்சிலில் எழுதிக் கைதட்டல் பெற்றவன், கல்லூரிக்குள் நுழைந்ததும் கோடு போடச் சொல்கிறார்கள். நேர்க்கோடு, வளைகோடு, கையால் வட்டம். அதன் பின் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக வரையச் சொல்கிறார்கள். வரைந்து முடித்தால், "இன்னொரு முறை" என்கிறார்கள். ஒரு சின்னம் வேண்டுமென்றால் முதலில் நாற்பது, ஐம்பது சிறு கிறுக்கல்கள். அவற்றில் மூன்று மட்டும் தேறும். அந்த மூன்றையும் கறுப்பு வெள்ளையில் மட்டுமே பார்க்க வேண்டும். வண்ணம் குறையை மறைத்துவிடும் என்பதால் அது கடைசியில்தான். பிறகு தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். சுருக்கியதும் மெல்லிய கோடுகள் காணாமல் போகும், இடுக்குகள் மசி அடைத்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. கணினித் திரையில் பளீரென்று தெரிந்த நீலம் அச்சில் மங்கி வருவதும் இந்த ஆண்டில் கற்கும் பாடம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மசியால் காட்டுகிறது என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருப்பார். முதல் முறை காசு கொடுத்து அச்சடித்துப் பார்க்கும் வரை அது யாருக்கும் மனதில் ஏறாது.

இதைவிடக் கடினமானது விமர்சன வகுப்பு. மாணவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைச் சுவரில் குத்தி வைக்க, ஆசிரியரும் சக மாணவர்களும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நீலசந்திராவிலிருந்து போன பிள்ளை, நான்கு இரவுகள் கண் விழித்து, வீட்டில் மேஜை இல்லாமல் கட்டிலில் பலகை வைத்து வரைந்ததை, பெரிய பள்ளியில் படித்து வந்த ஒருவர் இரண்டே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போவார். அன்று மாலை பேருந்தில் வரும்போது, "இது நமக்கான இடம் இல்லை" என்ற எண்ணம் வரும். படிப்பை விடும் பிள்ளைகளில் பலர் கைத்திறன் போதாமல் விடுவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுவரில் இருப்பதைத்தான் குறை சொல்கிறார்கள், தன்னை அல்ல என்பது மனதில் பதிய ஓர் ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டு ஆகிறது. அதற்குள் விட்டுவிடுகிறார்கள். அந்த ஓர் ஆண்டைத் தாண்டியவர்களைப் பாருங்கள்: குறை சொன்னவரிடமே போய், "எந்த இடத்தில் கண் தடுக்கிறது?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். வளர்ச்சி என்று நான் கருதுவது இதைத்தான்.

இதற்கு நம் காலத்தில் நம் கண்முன் நிற்கும் உதாரணம் ஒன்று உண்டு. நாம் நாள்தோறும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. இந்திய ரூபாயின் சின்னம்தான் அது.

அதை வடிவமைத்த உதயகுமார் தர்மலிங்கம் கள்ளக்குறிச்சியில் 1978-ல் பிறந்தவர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலைப் பள்ளியில் படித்து 2001-ல் பி.ஆர்க். பட்டம் பெற்றார். கட்டிடக்கலைப் பட்டம் கையில் இருக்கும் ஒருவர் வீடு கட்டப் போயிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ எழுத்தின் பக்கம் திரும்பினார். மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-லேயே தொடங்கப்பட்ட வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பியலில் முதுநிலைப் படிப்பு. அந்தப் படிப்பின்போது 'பராசக்தி' என்று ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். அதோடு நிற்காமல் அதே இடத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கும் சேர்ந்தார். ஆய்வுப் பொருள் தமிழ் எழுத்தின் வடிவம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓலையில் எழுத்தாணி கீறிய காலத்து எழுத்து எப்படி இருந்தது, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது முதல் ஈய அச்சில் அது எப்படி மாறியது, எந்த வளைவு எங்கே உடைந்தது என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை! "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்க நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

அவர் அந்த ஆய்வில் இருக்கும்போதுதான், 2009 மார்ச்சில் மத்திய நிதியமைச்சகம் ரூபாய்க்கு ஒரு சின்னம் வேண்டும் என்று நாடு தழுவிய போட்டியை அறிவித்தது. டாலருக்கும் பவுண்டுக்கும் யென்னுக்கும் தனிச் சின்னம் இருக்க, நாம் மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம். பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் எல்லாம் அதே இரண்டு எழுத்தைத்தான் பயன்படுத்தின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. ஐந்து மட்டும் இறுதிச் சுற்றுக்குத் தேறின. 2010 ஜூலை 15-ஆம் நாள் மத்திய அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்தை ஏற்றுக்கொண்டது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

அந்தச் சின்னத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தேவநாகரி 'ர' எழுத்து. அதையே சற்று வேறு கண்ணால் பார்த்தால், முதுகுக் கோட்டை எடுத்துவிட்ட ஆங்கில 'ஆர்'. தேவநாகரியின் தலைக்கோடு மேலே, அதற்கு இணையாகக் கீழே இன்னொரு கோடு. இரண்டு கோடும் நடுவிலுள்ள வெள்ளையும் சேர்ந்து மூவர்ணக் கொடியை நினைவூட்டும். சமக் குறியாகவும் நிற்கும். குழந்தைகூட இரண்டு மூன்று இழுப்பில் எழுதிவிடும். அந்த எளிமைக்குப் பின்னால் பட்டம் வாங்கிய 2001 முதல் 2010 வரை ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் செய்தது எழுத்தைப் பார்த்துக்கொண்டும் வரைந்துகொண்டும் இருந்ததுதான். அதே 2010-ல் ஒருங்குறித் தரத்திலும் இந்தச் சின்னம் இடம்பெற்றது. 2011-ல் நாணயத்தில் ஏறியது. 2012 முதல் நோட்டுகளில் வந்தது. உதயகுமார் குவாஹத்தி ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறை ஆசிரியரானார்.

(இங்கே ஒரு சிறு செய்தி. ரூபாய்க்குத் தமிழில் முன்பே ஒரு குறி இருந்தது. பழைய கணக்கேடுகளில் காணும் ௹ என்பதுதான் அது. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் உதயகுமாரின் சின்னத்துக்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்தைப் போட்டபோது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் நினைவிருக்கும். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒரே ஓர் எழுத்தை மாற்றியதும் நாடே திரும்பிப் பார்க்கிறது என்றால், எழுத்து வரைகிறவனின் வேலை சின்ன வேலை இல்லை என்பது மட்டும் விளங்குகிறது.)

"அவர் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தவர், எங்கள் பிள்ளைக்கு முதல் கதவே திறக்கவில்லையே" என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு நம் கர்நாடகத்துத் தமிழர் ஒருவரைக் காட்டுகிறேன். மைசூரில் 1921-ல் பிறந்த ஆர்.கே.லட்சுமண். பள்ளியில் இலையைப் பார்த்து வரையச் சொன்னபோது அவர் வரைந்த அரச இலையை ஆசிரியர் பாராட்டினாராம். காக்கையை அவர் வரைந்து தள்ளியது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அவர் வரைபடங்களில் திறமை இல்லை என்று பதில் வந்தது. லட்சுமண் மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. படித்தார். படித்துக்கொண்டே அண்ணன் ஆர்.கே.நாராயணின் கதைகளுக்கும், 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழுக்கும் படம் வரைந்தார். ஓவியப் பள்ளி கொடுத்திருக்க வேண்டிய பயிற்சியை அவருக்குப் பத்திரிகையின் கெடு நாட்கள் கொடுத்தன. பின்னாளில் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துக்காக 1954-ல் அவர் வரைந்த 'கட்டு' என்ற குறும்புப் பையன், கையில் தூரிகையும் டப்பாவுமாக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இந்தியச் சுவர்களில் நின்றான். கார்ட்டூனிஸ்ட் என்றே அவரைக் கொண்டாடுகிறோம். அந்தப் பையன் மட்டும் சுத்தமான கிராஃபிக் டிசைன் வேலை.

இனி நம் பகுதிப் பிள்ளைகளுக்குள்ள ஒரு பெரிய சொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமே அதை இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நீலசந்திராவில் வளரும் பிள்ளை தெருவில் நடக்கும்போதே நான்கு எழுத்து முறைகளைப் பார்க்கிறது. ஆங்கிலமும் கன்னடமும் பள்ளியில், தமிழ் வீட்டில், உருது பக்கத்துக் கடையில். கர்நாடகத்தில் கடைப் பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-ல் சட்டத் திருத்தம் வந்ததும், பெயர் பெற்ற நிறுவனங்கள்கூட அவசரத்தில் மாட்டிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்து கம்பீரமாக நிற்க, கன்னடம் ஏதோ கிடைத்த எழுத்துருவில் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். கன்னடத்தில் ஒத்தெழுத்து வரிக்குக் கீழே தொங்கும். அதற்கு இடம் விடத் தெரிய வேண்டும். தமிழ் எழுத்து அகலமானது, சொல்லும் நீளமானது. ஆங்கிலத்துக்குப் போட்ட கட்டத்தில் அடங்காது. 'கொ' என்று எழுதினால் மெய்க்கு முன்னும் பின்னும் குறி வரும். உகர ஊகார வரிசையில் 36 எழுத்துகளுக்கும் கால் வெவ்வேறு விதமாக வளையும். புள்ளி கொஞ்சம் பெரிதானால் எழுத்து தடித்துத் தெரியும், சிறிதானால் அச்சில் மறைந்தே போகும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், அந்த மொழியைப் படித்து வளர்ந்த கண்ணுக்குத் தானே உறுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. தமிழைப் படிக்கவே தெரியாமல் வளரும் பிள்ளை இந்தச் சொத்தில் பாதியை இழந்துவிடுகிறது. சங்கத்தில் தமிழ் வகுப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதையும் ஒரு பதிலாகச் சொல்லலாம்.

எழுத்தையே தொழிலாகக் கொண்ட தமிழர்கள் உலகில் இன்று பலர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். ஆப்பிள் கணினியில் தமிழுக்கு வந்த 'இணைமதி' எழுத்துருவும் அவர் கைவண்ணமே. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த, நம் கட்டுமரத்தின் பெயர் தாங்கிய 'கேட்டமரான்' எழுத்துருவும், இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'பவனம்' எழுத்துருவும் கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் மாணவர்கள் அவற்றை இறக்கிக்கொண்டு, ஓர் எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, வளைவு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்தாலே ஒரு வகுப்புக்குச் சமம்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். தனியார் டிசைன் கல்லூரிகளில் பல, ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கின்றன. கடன் வாங்கிச் சேர்க்கும் முன் மற்ற வழிகளையும் பார்க்க வேண்டும். 1960-ல் நிறுவப்பட்டு, இப்போது குமாரகிருபா சாலையில் இயங்கிவரும் கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் நுண்கலைக் கல்லூரியில் பயன்பாட்டுக் கலை கற்கலாம். ஆமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு நம் ஊரிலேயே துமகூரு சாலைப் பக்கம் ஒரு வளாகம் உண்டு. அங்கே முதுநிலைப் படிப்புகள் நடக்கின்றன. இளநிலைக்கு அந்த நிறுவனத்தின் நுழைவுத் தேர்வும், ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புக்காக 2015 முதல் நடக்கும் 'யூசீட்' தேர்வும் இருக்கின்றன. பி.யூ.சி.யில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். யூசீட் தேர்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறை எழுத இடமுண்டு. முதல் முறை தவறினால் உலகம் முடிந்துவிடவில்லை. இவை அரசு நிறுவனங்கள் என்பதால் இட ஒதுக்கீடு பொருந்தும். ஆகவே சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. விண்ணப்பங்கள் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வருகின்றன. நம் வீடுகளில் ஏப்ரல், மே மாதத்தில்தான் விசாரிக்கத் தொடங்குகிறோம்! பி.காம். முடித்துவிட்டு ஏங்குபவர்களுக்கும் வழி உண்டு. மூன்றாண்டுப் பட்டம் இருந்தால் முதுநிலைக்கான 'சீட்' தேர்வை எழுதலாம்.

மூன்று மாதத்தில் போட்டோஷாப்பும் கோரல் டிராவும் கற்றுக் கொடுத்து "டிசைனர்" என்று சான்றிதழ் தரும் இடங்களும் ஏராளம். கருவி கற்பதில் தவறில்லை, டி.டி.பி. வேலையாவது கிடைக்கும். ஆனால் அதைப் படிப்பு என்று நம்பிக் கையிலிருப்பதை எல்லாம் கட்டிவிடக் கூடாது. மென்பொருள் வாங்க வசதியில்லாத மாணவர் இங்க்ஸ்கேப், கிரிட்டா, கிம்ப் ஆகியவற்றைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். முதல் ஆண்டுக்கோ பென்சிலும் ஒரு கட்டுத் தாளும் தாராளம். ஓவியம் கைப்பழக்கம் என்று ஔவை சொன்னது தாளில் வரைந்தாலும் திரையில் வரைந்தாலும் பொருந்துகிறது.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது அதிகமில்லை. சமையல் முடிந்த பின் இரண்டு மணி நேரம் நல்ல விளக்கொளியும், படி அளவுக்கு ஒரு பலகையும் கிடைத்தால் போதும். வரைந்ததைக் கிழித்துப் போடும்போது, "இவ்வளவு நேரம் போட்டதை வீணாக்கிட்டியே" என்று சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கிழித்துப் போட்ட முப்பதாவது தாளுக்குப் பின்தான் அந்தப் பிள்ளைக்கு ஏதோ பிடிபட்டிருக்கும்.

சங்கத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா அழைப்பிதழ், ஆண்டு மலர் அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று ஆண்டு முழுவதும் நமக்கு அச்சு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. அவற்றில் ஒன்றையாவது நீலசந்திராவிலோ ஆனேபாளையாவிலோ இதைப் படிக்கும் ஒரு மாணவரிடம் கொடுங்கள். "நம்ம பையன்தானே" என்று இலவசமாகக் கேட்காமல், தொகையை முன்கூட்டியே பேசிக் கொடுங்கள். நான்கு முறை திருத்திய பிறகு ஐந்தாவது முறை மாப்பிள்ளை வீட்டார் பெயரை மேலே ஏற்றச் சொன்னால், அதற்கும் தனியாகக் கூலி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அச்சகத்தின் பெயருக்குக் கீழே, வடிவமைத்த பிள்ளையின் பெயரும் சின்ன எழுத்தில் ஒரு வரி வரட்டும். ஐந்து பிரதிகளைக் கூடுதலாக அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது கோப்பில் முதலில் வைக்க அதற்கு ஒரு தாள் வேண்டும்.